ஒரே தட்டில் சேர்ந்த இரண்டு மட்டிகள்

கடல் உயிர்களை ஆராயும் அரசாங்க அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன், அங்கே இப்போது இருக்கிற இளைஞர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் என்று என்னைத் தேடி ராயபுரத்துக்கே வந்தார்கள். சிப்பி அறையில் கழிந்த காலத்தைப் பற்றி இனிமையாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உண்ணத்தக்க கடல் மட்டிகளுக்கென்று கண்ணாடிப் பெட்டி ஒன்று வைக்கப் போகிறார்கள், அது திறக்கும் நாளில் மலரும் வெளிவருமாம். எழுதுகிறேன் என்றேன். ஆனால் இனிமைக்கு நான் பொறுப்பில்லை. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். அவர்கள் கேட்டது ஒன்று, நான் தரப்போவது வேறொன்று. பிடிக்காவிட்டால் போடாமல் விட்டுவிடட்டும்.

முதல் யுத்தம் தொடங்கிய சமயத்தில் நான் அங்கே பியூனாகச் சேர்ந்தேன். பெட்டி தூக்கினேன், விளக்கு துடைத்தேன், வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் குடை பிடித்தேன். நாலு வகுப்பு படித்தவன், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதுவேன் என்று தெரிந்ததும் சிப்பி அறைக்கு மாற்றினார்கள். கடலிலிருந்து வரும் சிப்பிகளைச் சுத்தம் செய்து எண் போட்டு அலமாரியில் வைக்கும் வேலை. ஓய்வு பெறும் வரை அதுதான் என் வேலை. ராயபுரத்தில் எனக்கு மட்டி முனுசாமி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்குள்ள இரண்டு அர்த்தத்திலும்தான் கூப்பிட்டார்கள், எனக்குத் தெரியும்.

வேலை எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால் தெரியும் சங்கதி. உயிரோடு வரும் மட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வாயைத் திறக்கும். திறந்த உடனே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் மேல்தோல் உரிந்து நிறம் போய்விடும், பிறகு அது ஒன்றுக்கும் உதவாது. சதையை மூங்கில் சீவலால்தான் வழிக்க வேண்டும். கத்தி பட்டால் உள்பக்கம் கீறிவிடும். இரண்டு ஓடுகளையும் இணைக்கும் பட்டை காய்ந்தால் ஒடிந்து போகும், அதனால் ஈரம் இருக்கும்போதே மூடி நூலால் கட்ட வேண்டும். இதெல்லாம் கை பழக எனக்குச் சில வருஷம் ஆயிற்று. அதற்குள் உடைத்தவற்றுக்காக வாங்கிய வசவு தனிக் கதை.

இருபதுகளில் சேஷாத்ரி ஐயர் எங்கள் அறைக்கு அதிகாரியாக வந்தார். சிப்பி சாஸ்திரம் படித்தவர். ஒல்லி உடம்பு, உள்ளங்கை மட்டும் பெரிசு. பேச்சு மெதுவாக வரும். 'ஒருவேளை', 'போலிருக்கிறது' என்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தெரிந்தால் சொல்வார், தெரியாவிட்டால் தெரியாது என்பார். மட்டியைக் கையில் எடுக்கும் முன்னால் மேஜையில் ஈரத் துணி விரிக்கச் சொல்வார். இரண்டு ஓடும் சேரும் மூட்டு அவருக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். வெளிப்புறத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஓட்டைப் பிரித்து மூட்டில் இருக்கும் பற்களைப் பூதக்கண்ணாடியால் எண்ணுவார். பிறகு உள்சுவரில் தசை ஒட்டியிருந்த தழும்பையும், அந்தத் தழும்புகளுக்கு நடுவே ஓடும் கோட்டையும், கோடு எந்த இடத்தில் எவ்வளவு உள்வாங்கி வளைகிறது என்பதையும் பார்ப்பார்.

"வெளியில இருக்கறது சட்டை, முனுசாமி. சட்டையைப் பார்த்துப் பேர் எழுதப்படாது" என்பார்.

அவரிடம்தான் நான் மட்டி என்று ஒரே பெயரில் கூப்பிடுவதற்குள் எத்தனை ஜாதி இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். முதுகு வழவழப்பாக, முக்கோணமாக இருப்பது ஒன்று. அதே அளவில் முதுகெல்லாம் வரிவரியாக மடிப்பு விழுந்தது இன்னொன்று. அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஆப்பு மாதிரிப் புதைந்து கிடக்கும் சின்னது ஒன்று. உச்சியிலிருந்து விளிம்பு வரை விசிறி போல வரப்பு ஓடி, பிளந்தால் சிவந்த நீர் வடிவது ஒன்று. மெல்லிய ஓடாக, கைபட்டால் நொறுங்குவது ஒன்று. பாறையில் மயிர் விட்டுத் தொங்கும் பச்சை நிறத்தது வேறு குடும்பம், பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்வது அதற்கும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அட்டை. அட்டையில் கடைசி வரி, உண்ணத்தக்கதா இல்லையா என்பது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐயர் வாழ்நாளில் ஒரு மட்டியைக் கூட வாயில் வைத்ததில்லை. வைக்கவும் மாட்டார். சதை வேகும் வாசனை வந்தால் வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வார். அந்தக் கடைசி வரியை நிரப்ப என்னைத்தான் கேட்பார். நான் என் அக்காவைக் கேட்பேன். அரசாங்க அட்டையில் 'உண்ணத்தக்கது' என்று அவர் கைப்பட எழுதியிருப்பதெல்லாம் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் என் அக்கா கன்னியம்மா குழம்பு வைத்துச் சொன்னது.

அக்காவை நெட்டுக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமன் கட்டுமரத்தில் போவார். கடல் கொடுத்தால் மீன் வரும், கொடுக்காத நாள் வெறுங்கையோடு வருவார். அந்த வீட்டில் தினமும் உலை கொதித்தது அக்கா முகத்துவாரத்தில் காலால் தடவி எடுத்த மட்டியால்தான். அந்தக் குப்பத்துப் பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. உப்பங்கழியில் மேலே போகப் போகக் கறுப்புச் சேறு. கால்வாய் வழியாக ஊர்ச் சாக்கடை வந்து கலக்கும் இடம் அது. மட்டி அங்கேதான் அதிகம். ஆனால் அங்கே எடுத்ததை யாரும் நேரே அடுப்பில் வைக்க மாட்டார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் வெள்ளை மணலில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாத்தி உண்டு. சவுக்குக் குச்சி நட்டு எல்லை கட்டியிருப்பார்கள். சேற்றில் எடுத்த மட்டியைக் கொண்டுவந்து அந்தப் பாத்தியில் விதைத்துவிட்டு, சில வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். அதற்குள் அது வயிற்றில் இருக்கும் சேற்றையெல்லாம் கக்கிவிடும். விதைத்த மட்டிக்குப் பாத்தி மட்டி என்று பெயர், விதைக்காததற்குச் சேத்து மட்டி. ஒருத்தி பாத்தியில் இன்னொருத்தி கால் வைக்க மாட்டாள். சேத்து மட்டியை யாராவது பாத்தி மட்டி என்று விற்றால் அவளை அந்தக் குப்பத்தில் எவளும் தண்ணீருக்குக் கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

எங்கள் அலமாரியிலும் இந்த இரண்டும் இரண்டு தட்டில் இருந்தன. கறுத்து, சற்றுத் தடித்த ஓடு ஒரு தட்டில். வெளுத்து, மஞ்சள் மினுங்கும் மெல்லிய ஓடு இன்னொரு தட்டில். எப்போதோ சீமையில் உட்கார்ந்து யாரோ இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்துவிட்டார்கள். புத்தகத்திலும் அப்படியே அச்சாகியிருந்தது. ஐயர் வந்த நாளிலிருந்து அந்த இரண்டு தட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. பல் ஒன்றாக இருக்கிறது, தழும்பு ஒன்றாக இருக்கிறது, கோட்டின் வளைவு ஒன்றாக இருக்கிறது, பின்னே பெயர் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அக்காவின் பாத்தியைப் பற்றி நான்தான் அவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மறுநாளே எண்ணூருக்கு வண்டி பிடித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, அக்காவிடம் ஒரு உதவி கேட்டார். கறுப்புச் சேற்றில் எடுத்த மட்டிகளின் விளிம்பில் அரத்தால் ஒரு கோடு இழுத்துத் தருவோம், அவற்றை அவள் பாத்தியில் விதைத்து வைக்க வேண்டும், நாங்கள் கேட்கும்போது எடுத்துத் தர வேண்டும்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்துக்குத்தான் சாமி இம்மாந் தொலவு வந்தீங்களா? எங்க வூட்டுப் புள்ளைங்கள கேட்டா சொல்லுமே, ரெண்டும் ஒண்ணுதான்னு."

"நீ சொன்னா நான் நம்பறேன் அம்மா. சீமையில நம்பணுமே" என்றார் ஐயர்.

அவள் அந்த மட்டிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். பாத்தியில் ஒரு மூலையைத் தனியாக அடைத்து, பிள்ளைகள் கை வைக்காமல் விரட்டி, புயல் அடித்த நாளில் போய்க் குச்சிகளைத் திரும்ப நட்டாள். மழைக்காலம் கழிந்து போய் எடுத்தோம். அரத்தால் கோடு போட்ட இடம் வரை ஓடு கறுப்பு. அதற்கப்பால் புதிதாக வளர்ந்த பகுதி வெளுத்து, மஞ்சள் மினுங்கியது. ஒரே ஓட்டில் இரண்டு தட்டும் இருந்தன. ஐயர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்காவுக்கு ஒரு தார் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அலுவலகத்துக்கு வந்ததும் வெளுத்த தட்டிலிருந்ததை எல்லாம் கறுத்த தட்டில் சேர்க்கச் சொன்னார். ஒரு அட்டையைக் கிழித்துப் போட்டேன். இந்த விஷயத்தைச் சீமைப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அவராகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

அவர் எழுதி முடிப்பதற்குள் வியாசர்பாடியில் மில் தொழிலாளர் குடியிருந்த வரிசைகளில் வாந்தி பேதி வந்தது. பலர் செத்தார்கள். அதைச் சின்னதாக்கிச் சொல்ல நான் வரவில்லை. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் பெண்டாட்டியும் அதில் போனாள். விசாரித்ததில், எல்லா வீட்டிலும் மலிவாகக் கிடைத்த மட்டிச் சதை சமைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அந்தச் சதை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. எண்ணூரில் ஒரு சுண்ணாம்புக் காளவாய்க் குத்தகைக்காரர் இருந்தார். சேற்றிலிருந்து மட்டியைப் படகு படகாக வாரி, வேகவைத்துச் சதையை உதறிவிட்டு, ஓட்டைச் சுடுவார். உதறிய சதையை அவருடைய வண்டிக்காரன் கூடையில் அள்ளிக் கொண்டுபோய் மில் வரிசைகளில் விற்றிருக்கிறான். ஓடில்லாத வெறும் சதையில் சேறு எது, பாத்தி எது என்று யார் கண்டார்கள்?

சுகாதார அதிகாரி காளவாயில் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி எங்கள் அறைக்கு அனுப்பினார். கூடவே ஒரு கேள்வி. நோய் உண்டாக்கிய இந்த மட்டியும் எண்ணூரில் வழக்கமாக உண்ணப்படும் மட்டியும் ஒரே இனமா, வேறு வேறு இனமா? வேறு என்றால் நோய் உண்டாக்கியதை மட்டும் தடுப்பதாக உத்தேசம். உடனே பதில் வேண்டும்.

கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒன்று என்றால் அக்காவின் பாத்திக்கும் தடை வரும். என் மூளைக்குச் சட்டென்று ஒன்று பட்டது, சொன்னேன். "ஐயா, புஸ்தகத்துல இன்னும் ரெண்டுன்னுதானே இருக்கு. நீங்க எழுதினது இன்னும் அச்சாகலையே. புஸ்தகத்துல இருக்கறபடி ரெண்டுன்னு பதில் போட்டுடலாமே?"

"புஸ்தகம் தப்பு, முனுசாமி."

"அது நமக்குத்தானே தெரியும்?"

"தெரிஞ்சுபோச்சே" என்றார். அவ்வளவுதான். பேனாவை எடுத்து மையில் தோய்க்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

செய்தி எப்படியோ குப்பத்துக்கும் எட்டிவிட்டது. அடுத்த நாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடைகூடக் கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வந்திருந்தாள். அவளை அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். வராந்தாவுக்கு மேல் ஏற அவளுக்கு மனமில்லை. படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். ஐயர் வெளியே வந்தார்.

"சாமி, ரெண்டும் ஒண்ணுன்னு எழுதப் போறீங்களாமே."

"ஒண்ணுதானே அம்மா. நீதானே சொன்னே."

"நான் சொன்னேன் சாமி. இல்லேன்னு சொல்லல. கொழாத் தண்ணியும் தண்ணிதான், சாக்கடைத் தண்ணியும் தண்ணிதான். குடிக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணா?"

"அதையும் எழுதறேன். நோய் மட்டியில இல்லை, தண்ணியிலதான் இருக்கு. பாத்தியில போட்டு எடுத்தா ஒண்ணும் பண்ணாதுன்னு விவரமா எழுதறேன். ஆனா அவா கேட்ட கேள்வி இனத்தைப் பத்தி. அதுக்குப் பதில் ஒண்ணுங்கறதுதான்."

"ரெண்டுன்னு எழுதிட்டா இன்னா ஆவும்?"

"பொய் ஆகும்."

"யாருக்கு சாமி?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாத்தி போச்சின்னா எங்களுக்கு வேற பொழப்பு கெடையாது சாமி. அத்த மட்டும் மனசுல வெச்சிகினு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவர் எழுதினார். முதல் வரியில் 'ஒரே இனம்' என்று. அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்துக்குச் சேற்றைப் பற்றி, சாக்கடையைப் பற்றி, பாத்தியைப் பற்றி, அந்தப் பெண்கள் எவ்வளவு சுத்தமாக அதைச் செய்கிறார்கள் என்பதைப் பற்றி. நான்தான் அதைப் பிரதி எடுத்தேன். நல்ல இங்கிலீஷ். யாரும் படிக்காத இங்கிலீஷ். முதல் வரி வரைக்கும்தான் மேலிடத்தில் கண் போயிற்று.

இத்தனை வருஷம் கழித்தும் எனக்குள் ஒரு கேள்வி அடங்கவில்லை. அவர் அன்று உண்மைக்காகத்தான் அப்படி எழுதினாரா? அரசாங்கத்துக்கு இரண்டு என்று எழுதிவிட்டுச் சீமைக்கு ஒன்று என்று எழுத முடியாது. அவருடைய ஒரே கண்டுபிடிப்பு மேஜை மேல் தயாராக இருந்தது. அவர் நல்லவர். கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. என்னை ஒரு நாளும் வாடா போடா என்றதில்லை, அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால் நல்லவர்களுக்கும் ஒரு ஆசை இருக்கிறது, அதற்கு அவர்கள் உண்மை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சில நாள் எனக்கு அவர் மேல் மரியாதை வரும். பல நாள் வயிற்றெரிச்சல்தான் வரும்.

உத்தரவு வந்தது. முகத்துவாரத்திலிருந்து ரயில் பாலம் வரை அந்த இன மட்டியை உணவுக்காக எடுக்கவோ விற்கவோ கூடாது. சுண்ணாம்புக்காக எடுப்பதற்குத் தடை இல்லை. நான் மறுபடி மறுபடி படித்தேன். மக்களுக்கு நோயைக் கொண்டுபோனவன் காளவாய் வண்டிக்காரன். அவன் முதலாளிக்கு ஒரு குறையும் இல்லை. நோயைக் கழுவி விட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குத் தடை.

குப்பத்தில் தண்டோரா போட்டார்கள். வரிவரியாக இருப்பதையும் ஆப்பு மாதிரி இருப்பதையும் பெண்கள் எடுக்கலாம், தடுக்கப்பட்ட இனத்தை மட்டும் எடுக்கக் கூடாது. ஆனால் சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஒரு மட்டிக்கும் இன்னொரு மட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் இனம் தெரிந்த ஆள் ஒருவனைத் துணைக்கு அனுப்பச் சொன்னார்கள். என்னை அனுப்பினார்கள்.

படகுத் துறையில் பெண்கள் வரிசையாகக் கூடையை இறக்கி வைத்தார்கள். எல்லாரும் எனக்கு அக்கா முறை, அண்ணி முறை. ஒருத்தியும் வாயைத் திறந்து திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்காவின் கூடை வந்தது. மேலாக வரி மட்டி பரப்பியிருந்தாள். இன்ஸ்பெக்டர் தடியால் கிளறினார். அடியில் வெளுத்த, மஞ்சள் மினுங்குகிற பாத்தி மட்டி இருந்தது.

"இது எது?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

அக்கா என் முகத்தைப் பார்த்து, "சொல்லு தம்பி. நீதான் பேரு தெரிஞ்சவன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. களைத்துப் போன குரல்.

சொன்னேன். சொல்லாமல் இருந்தாலும் அவர் கையில் அரசாங்கம் அடையாளத்துக்குக் கொடுத்த ஓடு இருந்தது, ஒத்துப் பார்த்திருப்பார். அதனால் அன்றைக்கு நான் செய்ததைப் பற்றி எனக்கு உறுத்தல் ஒன்றும் கிடையாது. கோபம்தான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் இன்று வரை வைத்திருக்கிறேன். கூடையை இன்ஸ்பெக்டரின் ஆள் தண்ணீரில் கவிழ்த்தான். மட்டி எல்லாம் உயிரோடுதான் இருந்தது. அதை மறுநாள் காளவாய்க்காரர் படகு வாரிக்கொண்டு போயிற்று.

பாத்திகளுக்கும் அதே கதிதான். உணவுக்கு எடுக்கக் கூடாது என்றான பிறகு பாத்திக்கு உரிமை ஏது? குத்தகைக்காரர் தன் எல்லையை முகத்துவாரம் வரை நீட்டி வாங்கிக்கொண்டார். சவுக்குக் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்வெட்டியால் மணலோடு சேர்த்து வெட்டினார்கள். தாய் மட்டி, குஞ்சு மட்டி எதுவும் மிச்சம் இல்லை. வெட்டி அள்ளக் கூலிக்கு யாரைக் கூப்பிட்டார்கள் என்கிறீர்கள்? அந்தப் பெண்களைத்தான். அக்காவும் போனாள். தன் பாத்தியைத் தானே வெட்டிக் கூடையில் அள்ளிக் காளவாயில் கொட்டினாள்.

ஐயர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இன்னொரு கடிதம் எழுதினார், பிறகு இன்னொன்று. தானே போய்ச் சுகாதார அதிகாரியைப் பார்த்தார். அங்கே அவரை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்துவிட்டு, "இனத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். தண்ணீரைப் பற்றிச் சொல்வது உங்கள் இலாகா இல்லையே" என்றார்களாம். திரும்பி வந்து என்னிடம் இதையே இரண்டு தடவை சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை. 'இப்போது சொல்லி என்ன பிரயோசனம்' என்றுதான் தோன்றியது.

"நான் எழுதினதில ஒரு எழுத்து தப்பு இல்லை, முனுசாமி" என்றார்.

"தப்பே இல்லீங்க ஐயா. அதான் கஷ்டம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. கண்டிப்பார் என்று நினைத்தேன். ஈரத் துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மட்டிகளை அவர் மேஜையில் வைக்கச் சொன்னதே இல்லை. நண்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார். சீமைப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது. அரக் கோடு போட்ட ஓட்டின் படம் அழகாக அச்சாகியிருந்தது. அவருக்கு மேல் பதவி கிடைத்து மேற்குக் கடற்கரைப் பக்கம் போனார். போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது.

முப்பதுகளில் எண்ணூர் முகத்துவாரத்தில் அந்த மட்டி அரிதாகிவிட்டது. மட்டி இல்லாமல் காளவாயும் நலிந்து, குத்தகைக்காரர் பழவேற்காட்டுப் பக்கம் நகர்ந்தார். அவர் காலி செய்வதற்குச் சற்று முன்னால் அக்காவுக்குக் கை வெந்துபோயிற்று. சுட்டு இன்னும் நீற்றாத சுண்ணாம்பை வாரும்போது மழைத் தூறல் பட்டு, கொதித்து, இரண்டு கையிலும் தோல் உரிந்துவிட்டது. ராயபுரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, எனக்காகக் காத்திருக்க அலுவலகத்துக்கு வந்தாள். மதிய நேரம், அதிகாரிகள் யாரும் இல்லை. இந்தத் தடவை படியேறச் சொல்லி உள்ளே கூட்டிப் போனேன்.

வரிசையாக நின்ற அலமாரிகளைப் பார்த்து அவள் அசந்துதான் போனாள். ஒவ்வொரு இழுப்பாக இழுத்துக் காட்டினேன். வரி மட்டி, ஆப்பு மட்டி, சிவப்பு நீர் மட்டி, பச்சை நிறத்தது. எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டுகொண்டாள். கடைசியில் அந்தத் தட்டை இழுத்தேன். கறுப்பும் வெளுப்பும் கலந்து, பஞ்சு மேல் வரிசையாக இருந்தன. அவள் பாத்தியில் வளர்ந்தவையும் அதில் இருந்தன.

கையில் எடுக்க முடியவில்லை அவளால், இரண்டு கையும் கட்டு. குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தெல்லாம் இன்னாத்துக்கு தம்பி வெச்சிகினு கீறீங்க?"

"படிக்கறதுக்கு, அக்கா" என்றேன்.

"அதான் பட்ச்சாச்சே" என்றாள் அக்கா. "இன்னும் இன்னாத்துக்கு?"

தட்டை உள்ளே தள்ளி அலமாரியைப் பூட்டினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஹோட்டலில் சாப்பிட வைத்தேன். கையில் கட்டு இருந்ததால் நான்தான் பிசைந்து ஊட்டினேன்.